இறங்காத படிகள்: ஜப்பானிய ஆட்டங்களிலும் போர்க்கலைகளிலும் தரவரிசை

ஜப்பானில் ஒரு கலையிலோ ஆட்டத்திலோ ஒருவர் எவ்வளவு தேர்ந்தவர் என்று சொல்ல இரண்டு சொற்கள் புழங்குகின்றன: கியூ, டான். கியூ என்பது வகுப்பு. டான் என்பது படி. புதிதாகச் சேர்பவருக்குப் பெரிய எண்ணில் ஒரு கியூ கிடைக்கும். பயிற்சி கூடக்கூட எண் குறைந்துகொண்டே வரும். ஒன்றாம் கியூவைத் தாண்டியவர் முதல் டான் ஆகிறார். அதன் பிறகு எண் கூடத் தொடங்கும். இறங்கி வந்து மறுபடி ஏறும் இந்த எண்வரிசை முதலில் பார்ப்பவருக்குக் குழப்பமாகத் தோன்றும். நடுவில் ஒரு வாசலை வைத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வெளியே நிற்பவர் வாசலை எட்ட இன்னும் எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதைக் கியூ சொல்கிறது. உள்ளே வந்தவர் எத்தனை படி ஏறியிருக்கிறார் என்பதை டான் சொல்கிறது.

முதல் டானுக்கு ஜப்பானியர் ‘இச்சிடான்’ என்று எண்ணுப்பெயர் வைக்கவில்லை; ‘ஷோடான்’ என்கிறார்கள். ‘ஷோ’ என்ற எழுத்துக்குத் தொடக்கம் என்று பொருள். தமிழ்நாட்டுக் கராத்தே வகுப்புகளில் பிளாக் பெல்ட் என்றால் படித்து முடித்தாயிற்று என்று அர்த்தம். பெல்ட் வாங்கிய பிள்ளையின் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வருகிறது; பல வீடுகளில் அத்தோடு வகுப்பும் நின்றுவிடுகிறது. சொல்லின் கணக்குப்படி அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் பள்ளியில் சேர்ந்திருக்கிறது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லா இடத்திலும் டான் ஒரே வேலையைச் செய்வதில்லை. கோ என்ற பலகை ஆட்டத்தில் அது பிறந்தபோது இரண்டு பேருக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கோலாக இருந்தது. ஜூடோவுக்குப் போனபோது மாணவருக்கு ஊக்கம் தரும் ஏற்பாடு ஆனது. கெண்டோ என்ற வாட்கலையில் அது பாதி வயதுக் கணக்கு. சூமோ மல்யுத்தம் டான் பக்கமே போகாமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் மறுபடி நிறுத்துப் பார்க்கிறது. இவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: ஒருமுறை கொடுத்த தரம் திரும்பப் போகுமா, போகாதா?

தொடக்கம் சீனாவில். கி.பி. 220-இல் வெய் அரசில் சென் சுன் என்ற அமைச்சர் அதிகாரிகளை ஒன்பது தரங்களாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அரசவையின் இந்த ஒன்பது ஆட்டப் பலகைக்கும் வந்தது. சீனக் கோ ஆட்டக்காரர்களின் ஒன்பது தரங்களுக்கும் அழகான பெயர்கள் உண்டு. உச்சியில் இருப்பவர் ‘தெய்வநிலை புகுந்தவர்’. அடியில் இருப்பவர் ‘தன் மந்தத்தைக் காத்துக்கொள்பவர்’. கடைசிப் பெயரில் ஏளனம் எதுவும் இல்லை. தன் குறை தெரிந்து, அகலக்கால் வைக்காமல் ஆடுபவர் என்றே அதைக் கொள்ள வேண்டும். ஜப்பானியக் கோ உலகம் இந்தப் பெயர்களை ஒன்பது டான்களுக்கும் அலங்காரப் பெயர்களாக வைத்துக்கொண்டது. தரத்தை உடம்பில் காட்டும் வழக்கமும் அந்த நாட்டுக்குப் புதிதன்று: 603-இல் அரசவையினரைத் தொப்பியை வைத்துப் பன்னிரண்டு தரமாகப் பிரித்தார்கள். இடுப்புக்கு வந்தது பின்னால்.

17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீண்ட எடோ காலத்தில், கோ ஆட்டம் ஷோகன் ஆட்சியின் ஆதரவில் வளர்ந்தது. ஹோனின்போ, இனோவே, யாசுயி, ஹயாஷி என்று நான்கு குடும்பங்கள் ஆட்சியிடம் மானியம் பெற்று, எடோ கோட்டைக்குள் ஆண்டுதோறும் ஆடிக் காட்டின. குடும்பம் என்றாலும் ரத்த வாரிசு கட்டாயமில்லை. கெட்டிக்காரச் சீடனைத் தத்தெடுத்துத் தலைமையை ஒப்படைப்பார்கள். நான்கு குடும்பங்களுக்கும் மேலே ‘மெய்ஜின்’ என்று ஒரே ஓர் இருக்கை. ஒரே காலத்தில் இருவர் அதில் அமர முடியாது. தகுதியானவர் இல்லையென்றால் இருக்கை காலியாகவே கிடக்கும். ஹோனின்போ குடும்பத் தலைவரும் மெய்ஜினுமான தோசாக்கு (1645–1702) இந்த இருக்கையை உச்சியாக வைத்து டான் வரிசையைச் சீராக்கியவராகக் கருதப்படுகிறார். மெய்ஜின் ஒன்பதாம் டான். அடுத்து நிற்கும் ‘அரை மெய்ஜின்’ எட்டாம் டான். ‘ஜோஸு’, அதாவது கைதேர்ந்தவர், ஏழாம் டான். அங்கிருந்து கீழே முதல் டான் வரை.

இந்த எண்ணுக்கு ஒரு நடைமுறைப் பயன் இருந்தது. கோ பலகையில் நெடுக்கே 19 கோடு, குறுக்கே 19 கோடு. கோடுகள் வெட்டும் இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கற்களை மாறி மாறி வைத்து இடம் பிடிக்க வேண்டும். கறுப்புக்காரர் முதலில் வைப்பார், அதனால் அவர் கை சற்று ஓங்கியிருக்கும். ஒரு டான் வித்தியாசம் உள்ள இருவர் மோதினால், மூன்று ஆட்டங்களில் இரண்டில் தாழ்ந்தவருக்குக் கறுப்பு. இரண்டு டான் வித்தியாசம் என்றால் எல்லா ஆட்டத்திலும் அவருக்கே கறுப்பு. மூன்று என்றால் ஓர் ஆட்டம் கறுப்பு, மற்றோர் ஆட்டத்தில் தொடக்கத்திலேயே இரண்டு கல். நான்கு என்றால் எப்போதும் இரண்டு கல். ஆக, அன்றைக்கு ‘மூன்றாம் டான்’ என்பது ஒருவருடைய குணத்தைச் சொல்லும் சொல்லாக இல்லை. இன்னாருடன் உட்கார்ந்தால் இத்தனை கல் வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையைச் சொன்னது.

1682-இல் ரியூக்யூ தீவுகளிலிருந்து எடோவுக்குத் தூதுக்குழு வந்தபோது நடந்தது இதற்கு நல்ல சான்று. குழுவில் இருந்த ஹமஹிகா என்ற ஆட்டக்காரரோடு தோசாக்கு நான்கு கல் கொடுத்து ஆடினார். முதல் ஆட்டத்தில் தோசாக்கு வென்றார். அடுத்ததில் ரியூக்யூக்காரர் வென்றார். ஊர் திரும்புமுன் அவருக்கு ஒரு சான்றிதழ் தரப்பட்டது. கைதேர்ந்தவரோடு இரண்டு கல் வாங்கி ஆடத் தக்கவர் என்று அதில் எழுதியிருந்தது. கைதேர்ந்தவர் ஏழாம் டான். இரண்டு கல் என்றால் நான்கு டான் இடைவெளி. ஆகவே இவர் மூன்றாம் டான். எண்ணை எழுதாமலேயே தரம் சொல்லியாயிற்று.

பொழுதுபோக்காக ஆடுகிறவர்களிடையே இந்தக் கணக்கு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அங்கே ஒரு தரத்துக்கு ஒரு கல். ஜப்பானிய நகரங்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து ஆடும் கோ கூடங்கள் உண்டு. புதிதாக உள்ளே வருபவரிடம் கூடத்துக்காரர் தரம் கேட்பார். ஐந்தாம் கியூ என்கிறார் வந்தவர். ஓரமாக ஒரு முதியவர் தனியாகக் கற்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முதல் டான். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பிறகு டான்: ஐந்து தரம். வந்தவர் பலகையின் நான்கு மூலைப் புள்ளிகளிலும் நடுப்புள்ளியிலும் ஐந்து கறுப்புக் கற்களை வைக்கிறார். பிறகு முதியவர் முதல் வெள்ளைக் கல்லை வைக்கிறார். முன்பின் பார்த்திராத இருவர், அரை நிமிடத்தில், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தவர் தொடர்ந்து ஜெயித்தால் ஒரு கல் குறையும். தோற்றால் ஒரு கல் கூடும். தரம் பொய்யாக இருந்தால் பலகை இரண்டு மூன்று ஆட்டத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் காய்களைக் கூட்டிக் கொடுக்க வழியில்லை. அதனால் வலியவர் தன் காய்களைக் குறைத்துக்கொள்வார். சிறிய வித்தியாசத்துக்கு ஓரத்தில் நேராகப் பாயும் கியோஷா ஒன்று போகும். வித்தியாசம் கூடினால், நம் சதுரங்க மந்திரியைப் போலக் குறுக்கே ஓடும் காய் போகும், இன்னும் கூடினால் யானையைப் போல நேரே ஓடும் காய், பிறகு இரண்டுமே. ஆகவே ஷோகிக்காரருக்கு எதிராளி காய் எடுத்துவிட்டு ஆடுவது என்பது தன் தரத்தை முகத்துக்கு நேரே படித்துக் காட்டுவது போல. ஹிரோஷிமாப் பக்கத்துச் சிறுவனான மசுடா கோஸோ 1932-இல் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, தாயின் தையல் அளவுகோலின் பின்பக்கத்தில் தன் லட்சியத்தை எழுதிவைத்துவிட்டுப் போனான். ஷோகியிலும் உச்சி இருக்கைக்குப் பெயர் மெய்ஜின்தான். மெய்ஜின் ஆவது அவனுக்குப் போதாது. மெய்ஜினுக்கே கியோஷாவை விட்டுக்கொடுத்து ஜெயிக்க வேண்டும். நடக்காத காரியம், ஏனென்றால் மெய்ஜினைவிட உயர்ந்தவர் கிடையாது. ஆனால் பிற்காலத்தில் ஓஷோ என்ற பட்டப் போட்டியில் ஒரு விதி வந்தது: மூன்று ஆட்டம் முன்னிலை பெற்றவர் அடுத்த ஆட்டத்தில் கியோஷாவை எடுத்துவிட வேண்டும். 1956 ஜனவரியில் மசுடா அப்படித்தான் மெய்ஜின் ஓயாமா யாசுஹாருவுக்குக் காய் விட்டுக்கொடுத்து ஆடினார், ஜெயித்தார்.

அதே காலத்தில் கோ ஆட்டத்திலும் தாளுக்கும் கல்லுக்கும் உரசல் வந்தது. ஃபுஜிசாவா குரானோசுகே 1949-இல் போட்டிகள் வழியாக ஒன்பதாம் டானைத் தொட்ட முதல் ஆள். சீனாவில் பிறந்து ஜப்பானில் ஆடிய கோ சேய்கெனுக்கு 1950-இல் அதே தரம் கிடைத்தது. இருவருக்கும் பத்து ஆட்டத் தொடர்கள் நடந்தன. ஒருவர் நான்கு ஆட்டம் முந்தினால் கல் கணக்கு மாறும் என்பது தொடரின் விதி. சமமாகத் தொடங்கிய ஃபுஜிசாவா முதலில் ஒரு டான் இடைவெளிக்கும், 1953-இல் இரண்டு டான் இடைவெளிக்கும் தள்ளப்பட்டார். சான்றிதழில் இருவரும் ஒன்பது; பலகையில் ஒன்பதும் ஏழும். அந்தத் தோல்விக்குப் பின் அவர் தான் சார்ந்த ஆட்டக்காரர் சங்கத்தைவிட்டே விலகினார்.

போர்க்கலைப் பள்ளிகளில் எடோ காலத்தில் டான் என்ற பேச்சே கிடையாது. அங்கே இருந்தவை உரிம ஓலைகள், சரியாகச் சொன்னால் காகிதச் சுருள்கள். பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறினாலும் பொதுவான வரிசை ஒன்று உண்டு. ‘கிரிகாமி’ என்பது ஒரு துண்டுக் காகிதம். ‘மொகுரோகு’ என்பது கற்ற முறைகளின் பட்டியல். ‘மென்கியோ’ என்பது அனுமதி. ‘மென்கியோ கைடென்’ என்றால் ஒளிவுமறைவின்றி எல்லாம் கையளித்தாயிற்று, இனி சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்று பொருள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடலாம். ஒவ்வொரு சுருளுக்கும் ஆசிரியருக்குக் காணிக்கை உண்டு. இத்தோ என்ற வாட்பள்ளியில் எட்டாக இருந்த நிலைகளை, அதிலிருந்து பிரிந்து தன் பள்ளியை நிறுவிய சிபா ஷூசாக்கு மூன்றாகச் சுருக்கினார். மாணவர் கூட்டம் அவரிடம் திரண்டதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. செலவு குறைந்தது, வாளும் சீக்கிரம் கைக்கு வந்தது.

1882-இல் 21 வயது கானோ ஜிகோரோ டோக்கியோவில் ஏய்ஷோஜி என்ற புத்த ஆலயத்தில் 12 பாய் விரிக்கும் அளவுள்ள அறையில் கொடோகான் பள்ளியைத் தொடங்கினார். ஜுஜுத்சுவைச் செப்பனிட்டு ஜூடோ என்று பெயரிட்டார். கானோ கல்வித் துறைக்காரர். பள்ளிக்கூடத்தில் வகுப்பும் தேர்வும் என்ன செய்கின்றன என்று தெரிந்தவர். பழைய சுருள்களுக்கு இடையிலான நீண்ட இடைவெளி இளைஞரின் உற்சாகத்தை வற்றச் செய்கிறது என்று அவர் கண்டார். படிகள் நிறைய வேண்டும், ஒன்றுக்கொன்று அருகில் இருக்க வேண்டும். கோ, ஷோகி உலகங்களில் பழகிய டானை அவர் எடுத்துக்கொண்டார். 1883-இல் சைகோ ஷிரோ, தொமிதா த்சுனேஜிரோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார்.

அந்த இடமாற்றத்தில் டானின் பொருள் மாறிவிட்டது. ஜூடோவில் மூன்றாம் டான்காரரோடு மோதும் முதல் டான்காரருக்கு யாரும் முன்கூட்டிப் புள்ளி கொடுப்பதில்லை. அங்கே தரம் போட்டியின் கணக்குக்குள் நுழைவதே இல்லை. மாறாக, போட்டியிலிருந்து தரம் பிறக்கிறது. கொடோகானில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பிரிந்து மோதும் பழைய வழக்கம் உண்டு. வென்றவர் பாயிலேயே நிற்க, எதிரணியிலிருந்து அடுத்தவர் வருவார். தொடர்ந்து பலரை முழுப் புள்ளியில் வீழ்த்துபவருக்கு அன்றைக்கே படி உயர்வு.

பெல்ட்டின் கதை இதோடு சேர்ந்தது. 1886 வாக்கில் டான் பெற்றவர்கள் கறுப்புப் பட்டை கட்டத் தொடங்கினார்கள், மற்றவர்களுக்கு வெள்ளை. வெள்ளைப் பட்டை துவைக்காமல் ஆண்டுக்கணக்கில் அழுக்கேறிக் கறுத்துப்போனதுதான் பிளாக் பெல்ட் என்று பயிற்சிக்கூடங்களில் ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது அப்படி இல்லை. ஜப்பானியர் துணி துவைக்கத் தெரியாதவர்களும் இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று வண்ணங்கள் விரிந்தது ஐரோப்பாவில். 1920-களில் லண்டனிலும், 1935 முதல் கவாய்ஷி மிக்கினோசுகே பள்ளி நடத்திய பாரிசிலும் அந்த வழக்கம் வேரூன்றியது. கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் இல்லாவிட்டால் அங்கே மாணவர் நிற்கமாட்டார் என்று அவர் கணித்தார். இன்று தமிழ்நாட்டில் மஞ்சள் பெல்ட்டோடு நிற்கும் கராத்தே மாணவனின் இடுப்பில் இருப்பது ஐரோப்பிய ஜூடோ வகுப்புகளின் வழக்கம்.

கறுப்புக்கு மேலும் நிறம் உண்டு. ஆறு முதல் எட்டாம் டான் வரை சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டை. ஒன்பதுக்கும் பத்துக்கும் முழுச் சிவப்பு. கொடோகான் பத்தாம் டான் கொடுத்தது 15 பேருக்கு மட்டும். முதலில் பெற்ற யாமாஷிதா யோஷித்சுகுவுக்கு 1935-இல் மறைவுக்குப் பிறகே கிடைத்தது. கடைசி மூவர் 2006 ஜனவரியில் ஒரே நாளில் பெற்றார்கள். இத்தனை உயரத்தில் தரம் கைவலுவை அளப்பதில்லை. கலைக்குச் செய்த தொண்டு, கழித்த ஆண்டுகள், பள்ளியின் மனம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. அப்படி முடிவு செய்யும்போது யார் விடுபடுகிறார்கள் என்பதற்கு ஃபுகுதா கெய்கோவின் வாழ்க்கை சாட்சி. கானோவின் முதல் ஜுஜுத்சு ஆசிரியரின் பேத்தி அவர். 1953-இல் ஐந்தாம் டான் பெற்றார். பெண்களுக்கு அதற்கு மேல் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதால் ஆறாம் டானுக்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொடோகான் ஒன்பதாம் டானை 2006-இல் கொடுத்தபோது அவருக்கு வயது 92.

ஜூடோவின் வெற்றியைப் பார்த்து மற்றக் கலைகளும் டானை ஏற்றன. ஒகினாவாவில் கராத்தேவுக்கு அதுவரை தரமும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. டோக்கியோவுக்கு வந்து கற்பித்த ஃபுனகோஷி கிச்சின் 1924-இல் தன் மாணவர் சிலருக்கு முதல் டான் கொடுத்தார். கானோவோடு அவருக்கு இருந்த நட்பின் தடம் அது. 1895-இல் கியோட்டோவில் நிறுவப்பட்ட பூட்டோகுக்காய் என்ற போர்க்கலைச் சங்கம் வாட்கலைக்கு ரென்ஷி, கியோஷி, ஹான்ஷி என்ற பட்டங்களை ஏற்படுத்தியது. டானும் பின்னர் அதில் கலந்தது.

கெண்டோ இந்த எல்லாவற்றிலிருந்தும் ஒரு விஷயத்தில் விலகி நிற்கிறது. அங்கே பெல்ட் இல்லை. நேற்றுச் சேர்ந்தவரும் நாற்பது ஆண்டு பயின்றவரும் ஒரே கருநீல உடையில், ஒரே மூங்கில் வாளோடு வருவார்கள். இடுப்பின் முன்னால் தொங்கும் துணியுறையில் பெயரும் சங்கமும் எழுதியிருக்கும், டான் இருக்காது. எதிரே நிற்பவரின் தரத்தை அவர் வாளை உயர்த்தும் விதத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். காத்திருப்புக் காலம் கறாரானது. முதல் டானிலிருந்து இரண்டுக்கு ஓர் ஆண்டு, அங்கிருந்து மூன்றுக்கு இரண்டு ஆண்டு, நான்குக்கு மூன்று என்று கூடிக்கொண்டே போய், ஆறிலிருந்து ஏழுக்கு ஆறு ஆண்டு. ஏழிலிருந்து எட்டுக்குப் பத்து ஆண்டு. ஒரு தேர்விலும் தவறாதவருக்கே மொத்தம் 31 ஆண்டுகள். எட்டாம் டான் தேர்வுக்கு வயது 46 நிறைந்திருக்கவும் வேண்டும்.

கியோட்டோவிலும் டோக்கியோவிலும் நடக்கும் எட்டாம் டான் தேர்வைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது நரைத்த தலைகள். எழுபது வயதைக் கடந்தவர்களும் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு இரண்டு எதிராளிகள். ஒவ்வொருவரோடும் ஏறத்தாழ இரண்டு நிமிடம். கொடி தூக்க நடுவர் இல்லை, புள்ளி எண்ண யாரும் இல்லை. எத்தனை அடி விழுந்தது என்பதைவிட, அடிக்கும் தருணம் எப்படிப் பிறந்தது என்பதைத் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். சும்மா நிற்பவரை ஓடிப்போய் அடித்தால் அது கணக்கில் சேராது. எதிராளியை அசைத்து, அவர் மனம் கலையும் கணத்தில் அடிக்க வேண்டும். தேறியவர் அன்றைக்கே இரண்டாம் சுற்றுக்கு வரவேண்டும். நூறு பேரில் ஒருவர் தேறுவதே அரிது. ஒன்பது, பத்து டான்களை அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 2000-இல் நிறுத்திவிட்டது. அதற்கு முன் பத்தாம் டான் பெற்றவர்கள் ஐந்தே பேர். இப்போது எட்டுக்கு மேலே வானம்தான்.

மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கும் தரத்தில் பணம் நுழைய இடம் இருக்கிறது. வாளை உறையிலிருந்து உருவும் கலையான இயாய்டோவில், மேல் டான் தேர்வுகளுக்கு முன் தேர்வாளர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது என்பது 2018-இல் செய்தியானது. முறையான கட்டணமும் உண்டு. கோ, ஷோகி சங்கங்கள் பொதுமக்களுக்கு டான் சான்றிதழ் வழங்குவது அவற்றின் வருமானங்களில் ஒன்று. ஷோகிச் சான்றிதழில் சங்கத் தலைவரும், மெய்ஜின், ரியூஓ பட்டக்காரர்களும் தூரிகையால் கையெழுத்திடுகிறார்கள். ஊரில் ஓய்வு நேரத்தில் ஆடும் ஒருவருக்கு, நாட்டின் முதல் ஆட்டக்காரர் மை தோய்த்து எழுதிய பெயர் சுவரில் தொங்குவது கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

தொழில்முறைக் கோ ஆட்டத்தில் டானுக்கு நேர்ந்ததைத் தேய்மானம் என்றுதான் சொல்ல வேண்டும். பரம்பரை மெய்ஜின் இருக்கை ஹோனின்போ ஷூசாயோடு முடிந்தது. அவர் 1940-இல் மறைந்தார். ‘ஒருவர் மட்டுமே ஒன்பது’ என்ற வரம்பும் போயிற்று. பிறகு செய்தித்தாள்கள் நடத்தும் பட்டப் போட்டிகள் வந்தன. அவற்றில் எல்லோரும் சமமாக ஆட வேண்டும். கறுப்புக்காரரின் முதல் கல் ஆதாயத்தை ஈடுகட்ட வெள்ளைக்காரருக்குப் புள்ளிகள் கொடுத்தார்கள். ஜப்பானில் இப்போது அது ஆறரை. கல் கணக்கு போனதும் டானுக்கு அளக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. தரத்தை முடிவு செய்வதற்கென்றே நடந்துவந்த ஒத்தேய் போட்டி 2003-இல் நிறுத்தப்பட்டது. இப்போது வெற்றிகளை எண்ணுகிறார்கள். முதல் டானிலிருந்து இரண்டுக்கு 30 வெற்றி, எட்டிலிருந்து ஒன்பதுக்கு 200 வெற்றி. தோல்விகளைக் கழிப்பதில்லை, கீழே இறக்குவதும் இல்லை. நீண்ட நாள் ஆடினால் ஒன்பது வந்தே தீரும். அதனால் ஒன்பதாம் டானில் இருக்கும் கூட்டம் வேறு எந்தப் படியிலும் இல்லை. பெரிய பட்டம் வென்றால் குறுக்குவழியும் உண்டு. 2019-இல் 19 வயதில் மெய்ஜின் பட்டம் வென்ற ஷிபானோ தொராமாரு அப்படி ஒன்பதாம் டான் ஆனார். ஒரு காலத்தில் நாடு முழுவதும் ஒருவருக்கு மட்டும் இருந்த எண், இன்று பணிமூப்புப் பட்டியல்போல ஆகிவிட்டது.

ஷோகிச் சங்கம் இந்தச் சிக்கலுக்கு வேறு விடை கண்டது: ஒரே வீட்டில் இரண்டு ஏணி. முதலாவது டான். தொழில்முறை ஆட்டக்காரர் நான்காம் டானில்தான் தொடங்குகிறார். அதற்குக் கீழே எல்லாம் ஷோரேய்காய் என்ற பயிற்சிச் சங்கம். வெளியே நான்காம், ஐந்தாம் டான் அளவுக்கு ஆடும் சிறுவன் இந்தச் சங்கத்தில் ஆறாம் கியூவாகச் சேர்கிறான். ஒரே சொல், இரண்டு விலை. மூன்றாம் டான் வரை வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 18 ஆட்டத் தொடரில் மோதுகிறார்கள்; முதல் இருவர் மட்டும் நான்காம் டான். 26 வயதுக்குள் தாண்டாதவர் பொதுவாக வெளியேற வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு வேறு எதையும் கற்காதவர் வெறுங்கையோடு தெருவுக்கு வருகிறார். அப்படி 1996-இல் வெளியேறிய செகாவா ஷோஜி, அலுவலக வேலை பார்த்துக்கொண்டே தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்து, 2005-இல் தனியாக நடத்தப்பட்ட தேர்வில் தேறித் தொழில்முறைக்குள் நுழைந்தார். நிஷியாமா தொமோகா 2020-இல் அந்தத் தொடரில் 14 வென்று 4 தோற்று, இரண்டாம் இடத்துக்குச் சமமாக முடித்தார். சமநிலையில் முந்தைய தொடரின் வரிசை எண்ணைப் பார்ப்பது விதி. அதில் அவர் பின்தங்கியிருந்ததால் மூன்றாமிடம். முதல் பெண் நான்காம் டான் என்ற கதவு அன்று அந்த ஒரு வரிசை எண்ணில் மூடிக்கொண்டது.

இரண்டாவது ஏணி ‘ஜூனிசென்’ என்ற வகுப்புத் தொடர்: ஏ, பி-1, பி-2, சி-1, சி-2. இதில் ஆண்டுதோறும் ஏறுவதும் இறங்குவதும் உண்டு. மெய்ஜினோடு மோதும் உரிமை ஏ வகுப்பில் முதலிடம் பெறும் ஒருவருக்கே. டான் எவ்வளவு சாதித்தார் என்பதை வைத்திருக்கும். வகுப்பு இந்த ஆண்டு என்ன நிலை என்பதைச் சொல்லும். ஹபு யோஷிஹாரு 29 பருவங்கள் தொடர்ந்து ஏ வகுப்பிலோ மெய்ஜின் இருக்கையிலோ இருந்து 2022-இல் பி-1-க்கு இறங்கினார். அவரது ஒன்பதாம் டான் அப்படியே இருந்தது. ஃபுஜி சோதா இரண்டு ஏணியிலும் ஒரே மூச்சில் ஏறினார்: 2016-இல் 14 வயதில் நான்காம் டான், 2021-இல் ஒன்பதாம் டான், 2023-இல் மெய்ஜின்.

சூமோவில் ஏணி ஒன்றுதான். அதில் நிலையான படி ஏறக்குறைய இல்லை. ஆண்டுக்கு ஆறு போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘பன்சுக்கே’ என்ற தரவரிசைத் தாள் புதிதாக வரும். மேல் இரண்டு பிரிவினருக்கு 15 மோதல். எட்டு வென்றால் ஏற்றம், ஏழு வென்றால் இறக்கம். மேல்பிரிவில் 42 பேர், அடுத்த ஜூரியோவில் 28 பேர். இந்த 70 பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம், பட்டு இடுப்புத்துணி, தனி அறை, ஏவல் செய்ய இளையவர். ஜூரியோவின் கடைசி இடத்தில் இருப்பவர் ஏழே வென்றால் அடுத்த மாதம் சம்பளம் போகலாம். அவரே வேறொருவரின் துணி துவைக்க நேரலாம். தரம் இத்தனை நேரடியாக வயிற்றைத் தொடும் இடம் ஜப்பானியக் கலைகளில் வேறு இல்லை.

பன்சுக்கே தாளைக் களநடுவர்களே தூரிகையால் எழுதுகிறார்கள். ஏறத்தாழ 110 செ.மீ. உயரமும் 80 செ.மீ. அகலமும் உள்ள தாளில் எழுதி, சிறிதாக்கி அச்சிடுவார்கள். அரங்கில் இருக்கை நிரம்பி வழிய வேண்டும் என்ற வேண்டுதலோடு, எழுத்துகளுக்கு இடையே வெள்ளையே தெரியாதபடி கொழுத்த எழுத்து. உச்சியில், முதல் தரமான யோகோசுனாவின் பெயர் விரல் பருமனில் இருக்கும். வரிசை இறங்க இறங்க எழுத்து மெலியும். கடைசிப் பிரிவான ஜோனோகுச்சியில் பெயர்கள் மயிரிழையாகிவிடும். அந்தப் பிரிவுக்காரர்களுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்றே செல்லப்பெயர்.

மங்கோலியாவில் பிறந்த தெருனோஃபுஜி அந்தத் தாளின் ஏறக்குறைய முழு நீளத்தையும் இரண்டு முறை நடந்தவர். 2015-இல் ஓசெக்கி என்ற இரண்டாம் உயர் தரத்தை எட்டினார். முழங்கால் காயமும் சர்க்கரை நோயும் சேர்ந்து 2017-இல் அதைப் பறித்தன. போட்டிக்கு வராத ஒவ்வொரு முறையும் பெயர் கீழே போயிற்று. 2019 மார்ச்சில் ஐந்தாம் பிரிவான ஜோனிடானில் 48-ஆம் இடத்தில், மெல்லிய எழுத்தில் நின்றது. அங்கிருந்து மறுபடி ஏறினார். 2020 ஜூலையில் மேல்பிரிவுக்குத் திரும்பிய முதல் போட்டியிலேயே கோப்பை. 2021 ஜூலையில் 73-ஆவது யோகோசுனா. சூமோவில் இறக்க முடியாத தரம் அது ஒன்றுதான். தோற்றாலும் வராமல் இருந்தாலும் யோகோசுனாவைக் கீழே எழுத மாட்டார்கள். அந்தத் தரத்துக்கேற்ப ஆட முடியாதவர் தானே விலகிக்கொள்ள வேண்டும். முழங்கால் மீண்டும் ஒத்துழைக்க மறுத்தபோது தெருனோஃபுஜிக்கு இறங்க ஜோனிடான் இல்லை. 2025 ஜனவரியில், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஓய்வை அறிவித்தார்.